கறந்து காட்டச் சொல்லு கண்ணு

ஏங்கண்ணு, சித்தெ இப்படி உக்காரு. செல்லுல என்னத்தையோ காட்டோணும்னு துடிக்கறியே, காட்டு பாக்கலாம்.

பச்சை எழுத்துல ‘இன்னைக்கு லாபம் 84,000’. யாரு சம்பாரிச்சது? நீயா? ஓ, ஷேர் மார்க்கெட்டு சொல்லித்தர்ற உன்ற குருவா! சரி, நேத்து எவ்வளவு? போன மாசம்? ‘அதெல்லாம் அவரு போட மாட்டாருங்க தாத்தா’ங்கறே. நல்ல குருதான்.

ஈரோட்டுல கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை தெரியுமல்ல? விக்கறவன்ல சிலபேரு முந்தின வேளை கறக்காமயே ஓட்டியாந்துருவான். மடி பொடைச்சுக்கிட்டு நிக்கும். புதுசா வந்தவன் வாயப் பொளப்பான். விவரமானவன் ரெண்டு மூணு வேளை கறந்து பாத்துட்டுத்தான் வெலை பேசத் துண்டுக்குள்ள கையக் குடுப்பான். அந்த 84,000 எந்த வேளை மடியாம்?

இன்னொரு கூத்தும் நடக்குது. ரெண்டு கணக்கு. ஒண்ணுல ஏறும்னு கால் வாங்கறது, இன்னொண்ணுல எறங்கும்னு புட் வாங்கறது. சாயங்காலம் செயிச்ச கணக்கு மட்டும் படமா வெளிய வரும். தோத்தது எங்க போச்சு? அதை யாரு கேட்டா!

அப்புறம் ‘பத்துக்கு ஒம்பது என்ற பக்கம்’னு ஒருத்தன் பீத்துவான். ஒம்பது தடவ ஆயிரம் ஆயிரமா வந்து, பத்தாந் தடவ பதினஞ்சாயிரம் போனா என்ன மிச்சம்? ஆறாயிரம் கடன். பத்துக்கு ஒம்பது செயிச்சது மட்டும் பொய்யில்ல பாரு.

நானா பொறாமையில சொல்லலீங்க சாமி. ஷேர் மார்க்கெட்டக் கண்காணிக்கற செபியே எண்ணிச் சொல்லுது. 2021-22ல இருந்து 2023-24 வரைக்கும் மூணு நிதியாண்டுல, இந்தக் கால், புட்டெல்லாம் வர்ற எஃப் அண்ட் ஓ யாவாரம் பண்ணின தனி ஆளுங்கள்ல நூத்துக்கு 93 பேருக்கு நட்டம். செலவெல்லாம் சேத்து ஆளுக்குச் சராசரியா 2 லட்சம். செலவு போக லட்சத்துக்கு மேல லாபம் பாத்தவன் நூத்துக்கு ஒருத்தன். ஆனா உன்ற செல்லுல இருக்கறவன் அத்தன பேரும் அந்த ஒருத்தன்தானா? 93 பேரு எந்த ஊருக்குக் குடிபோனாங்க?

தானாக் கத்துக்கறது தப்பில்ல. நானும் ஏரு ஓட்ட எந்தக் காலேசுக்கும் போகல. ஆனா நம்பச் சொல்றவங்கிட்ட, படத்தக் கேக்காதே. ஐடிஆர்-3 வரிக் கணக்கக் கேளு. எஃப் அண்ட் ஓ வருமானத்தைத் தொழில் வருமானமா அதுலதான் காட்டோணும். வரி ஆபீசுக்கு எவனாச்சும் லாபத்தக் கூட்டிச் சொல்லுவானா? சொல்லிட்டு வரியும் கட்டுவானா? நட்டமோ, வாயத் தொறந்து சொல்லிருவான். ஏன்னா காலாகாலத்துல தாக்கல் பண்ணினா, அந்த நட்டத்த 8 வருசம் வரைக்கும் பின்னால வர்ற லாபத்துல கழிச்சுக்கலாம். ஊருக்கு லாபம், வரி ஆபீசுக்கு நட்டம். ஒரே ஆளு, ஒரே வருசம்!

கேட்டா ‘ப்ரைவசி’ம்பான். காரு, வாட்சு, துபாய் ஓட்டலு, பொண்டாட்டி பொறந்தநாளு எல்லாத்தையும் ஊரே பாக்கப் போட்டவனுக்கு, ஒரு காயிதம் காட்ட மட்டும் வெக்கம் வந்துருது. இதுல பாடம் வேற நடத்தறான், கட்டணம் 25,000. இவனாட்டம் ஆளுங்க கல்வின்னு பேரு வச்சுக்கிட்டு நடப்பு வெலையக் காட்டி எந்தப் பங்கு ஏறும்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. கடைசி மூணு மாச வெலையத் தொடக் கூடாதுன்னு செபி 2025 ஜனவரியில கட்டுப் போட்டுருச்சு.

எவனாச்சும் ஒருத்தன், ‘இந்த வருசம் ஒன்னரை லட்சம் போச்சுங்க, ஸ்டாப்லாஸ் போடாம ஒக்காந்துட்டனுங்க’ன்னு ப்ரோக்கர் குடுத்த கணக்கோட சொன்னான்னா, அவங்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பேசு. அவனுக்கு லைக்கு நாலுகூட விழுந்திருக்காது. அதனாலதான் சொல்றேன்.

சரி, குரு கெடக்கட்டும். உன்றது எங்க? வருசக் கணக்கு, புரோக்கரேஜ், எஸ்டிடி வரி எல்லாம் கழிச்சது. உன்ற அப்பன் கிட்டச் சொன்னியா? பொண்டாட்டி கிட்ட? ரெண்டு வருசம் வரிசையா நட்டப்பட்டவன்ல முக்காவாசிக்கு மேல மறுபடியும் போயி ஒக்காந்தாங்கன்னு அதே செபிதான் சொல்லுது. அவங்கெல்லாம் வீட்டுல என்ன சொல்லியிருப்பாங்கன்னு நெனைக்கறே?

அட, ஏங்கண்ணு எந்திரிக்கறே? நான் சும்மா கேட்டேன். காப்பித்தண்ணி வருது, குடிச்சுட்டாச்சும் போ.