மைக்கைப் பிடித்தால் நடுங்குகிறதா?

கே: 22 வருடமாகக் கட்டுமானத் துறையில் இருக்கிறேன். சைட்டில் நூறு பேரை வேலை வாங்குகிறேன். மேடை ஏறினால் மட்டும் கால் நடுங்குகிறது. அனுபவமெல்லாம் எங்கே போகிறது?
– பொறியாளர், கோவை

ப: எங்கேயும் போகவில்லை, பயத்தைக் கிளப்புவதே அதுதான். நேற்றுச் சேர்ந்த பையன் திணறினால் 'போகப்போகச் சரியாகிவிடும்' என்பார்கள். உங்களுக்கோ, இத்தனை வருடம் சேர்த்த பெயர் பத்து நிமிடத்தில் போய்விடுமோ என்ற கவலை. அந்த 22 வருடமும் கான்கிரீட்டில். மேடை அனுபவம் இனிமேல்தான். உங்களுக்குக் குறைவது பழக்கம், தகுதி அல்ல.

கே: நன்றாகப் படித்தவனுக்கு இந்தப் பயம் வரலாமா? வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கிறது.
– ஆடிட்டர், மதுரை

ப: கற்றும் அவைக்கு அஞ்சுகிறவர்களை வள்ளுவரே பார்த்திருக்கிறார். பொருட்பாலில் 73-ஆவது அதிகாரம் 'அவை அஞ்சாமை'. அதற்கு முந்தையது 'அவை அறிதல்'. மருந்து இந்த வரிசையிலேயே இருக்கிறது. யார் வருகிறார்கள், அவர்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். ஆளைத் தெரிந்துகொண்டால் அச்சம் தானாகக் குறையும்.

கே: கோர்ட்டில் நா எழாமல் உட்கார்ந்த வக்கீல் யாராவது முன்னுக்கு வந்ததுண்டா?
– வழக்கறிஞர், தஞ்சாவூர்

ப: ஒருவர் தேசத்தையே எழுப்பினார். 1891-இல் லண்டனில் பாரிஸ்டரான காந்தி, ஊர் திரும்பி பம்பாய் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தர முன்வந்தார். 1893-இல் பிரிட்டோரியாவில், வியாபாரத்தில் நேர்மை வேண்டும் என்று இந்திய வணிகர்களிடம் பேசினார். அதையே தம் முதல் பொதுப்பேச்சாகச் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். பம்பாயில் அவர் திறமையைக் காட்ட வேண்டியிருந்தது. பிரிட்டோரியாவில் எதிரே இருந்தவர்களுக்குச் சொல்லியாக வேண்டிய சேதி இருந்தது.

கே: என் படபடப்பு எல்லோருக்கும் அப்பட்டமாகத் தெரிகிறதே!
– வங்கி மேலாளர், சேலம்

ப: நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தெரிவதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பேசியவர்கள், கேட்காதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். இப்போது நீங்களும் கேட்டுவிட்டீர்கள்.

கே: முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்துவிட்டால்?
– விற்பனை மேலாளர், ஈரோடு

ப: ஒரு சொல் மறந்தால் அத்தனையும் மறக்கும். முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனத்தில் ஏற்றுங்கள். நடுவே சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் நாலு சொல்லாக எழுதிக்கொள்ளுங்கள்.

கே: இதற்கு மாத்திரை இருக்கிறதாமே?
– தலைமை ஆசிரியை, நெல்லை

ப: இருக்கிறது. ப்ரொப்ரனலால் படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும். ஆனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள்.

கே: இந்த வயதில் எங்கே போய்ப் பேசிப் பழகுவது?
– மென்பொருள் குழுத் தலைவர், சென்னை

ப: ரால்ஃப் ஸ்மெட்லி 1924-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடப் பேச்சு. நேரம் நெருங்குவதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் காட்டும். கேட்பவர்களில் பலரும் உங்களைப் போலவே பயந்து வந்தவர்கள். அதற்கும் முன்னால், நாளைய ஆபீஸ் மீட்டிங்கில் முதல் கேள்வியை நீங்களே கேளுங்கள்.

கே: ரிட்டயராக இன்னும் 2 வருடம். பயிற்சி வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள். இனி எதற்கு எனக்கு இந்த வம்பு?
– நர்சிங் கண்காணிப்பாளர், திருச்சி

ப: அம்மா, இனிமேல்தான் அவசியம். ராத்திரி டூட்டியில் ஒரு நோயாளியின் மூச்சு மாறுவதைக் கண்டதும் டாக்டரைக் கூப்பிடத் தோன்றுகிறதே, அது வார்டில் வருடக்கணக்காக நின்று நீங்கள் கற்றது. நீங்கள் சொல்லாமல் ஓய்வு பெற்றால், உங்களுக்குப் பின் வருகிற பெண் அதை ஏதோ ஒரு நோயாளியின் உயிரைப் பணயம் வைத்துத்தான் கற்க வேண்டியிருக்கும். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். வகுப்பை எடுங்கள்.