பள்ளத்துக்கு நம்பர் பிளேட் இல்லை

சாலையில் வெட்டிப்போட்ட பள்ளத்தில் நள்ளிரவில் கார் கவிழ்ந்து ஒருவர் செத்தால் விசாரணை சட்டென்று முடிந்துவிடும். குற்றவாளி அங்கேயே கிடக்கிறாரே! ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி, தானாகவே நிலைதடுமாறி’ என்று ஸ்டேஷனில் எழுதி முடித்துவிடுவார்கள். பள்ளமோ அசையாமல், ஹாரன் அடிக்காமல், யாரையும் முந்தாமல் இருந்த இடத்தில் இருந்தது. அதன்மேல் என்ன வழக்குப் போடுவது?

எச்சரிக்கை வைக்கவில்லை என்று பழிபோடவும் முடியாது. ஒரு சவுக்குக் கட்டை நட்டிருந்தார்கள். அதில் சிவப்புத் துணிக் கிழிசல் ஒன்று தொங்கியது. இருட்டில் அது தெரியாவிட்டால் கண் டாக்டரைப் பாருங்கள். இந்திய சாலைக் காங்கிரஸ், எஸ்.பி. 55 என்று இதற்கே தனிக் கையேடு போட்டிருக்கிறது. முன்கூட்டியே எச்சரிக்கும் பகுதி, தடம் மாற்றும் பகுதி, வேலைப் பகுதி, முடிவுப் பகுதி என்று நான்கு வேண்டுமாம். நம் காண்ட்ராக்டர்கள் சிக்கனக்காரர்கள். எச்சரிக்கையும் பள்ளம்தான், முடிவும் பள்ளம்தான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 198ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சாலையின் தரத்தைக் காக்கத் தவறி உயிர் போனாலோ ஊனம் நேர்ந்தாலோ பொறுப்பானவருக்கு அபராதம், அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். கோடிகளில் டெண்டர் எடுத்தவருக்கு இது பூமி பூஜைப் பந்தல் செலவு. அந்தப் பணமும் செத்தவர் வீட்டுக்குப் போகாது, அரசின் விபத்து நிதிக்குப் போகும். குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவையே 6 மாதம் வரை சிறை என்கிற அதே சட்டம், குழிவெட்டிக் கொன்றவருக்கு இந்தப் பிரிவில் ஒரு நாள் சிறைகூட வைக்கவில்லை.

நஷ்டஈடு? எதிரே லாரி வந்து மோதியிருந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பள்ளத்துக்கு நம்பர் பிளேட்டும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. சிவில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும், அல்லது ஹைகோர்ட்டில் ரிட் போட வேண்டும். அங்கே நெடுஞ்சாலைத் துறை குடிநீர் வாரியத்தைக் கைகாட்டும். வாரியம் காண்ட்ராக்டரை, அவர் சப்-காண்ட்ராக்டரை, அவர் ஜேசிபி டிரைவரை. “தோண்டச் சொன்னாங்க, தோண்டினேன்” என்பார் டிரைவர். அத்தனை பேரில் உண்மை பேசுகிறவர் அவர் ஒருவர்தான்.

2013 முதல் 2017 வரை சாலைக் குழிகளால் மட்டும் நாட்டில் 14,926 பேர் செத்ததைக் கேட்டு, எல்லையில் சாகிறவர்களைவிட இது அதிகமாக இருக்குமே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் பதறியது. பதறியது நீதிமன்றம் மட்டும்தான். கவனக்குறைவால் சாவுக்குக் காரணமானவருக்கு 5 ஆண்டு வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு சொல்கிறது. லாரி டிரைவர் என்றால் பாய்ந்து கடிக்கும் அந்தப் பிரிவுக்கு, எஞ்சினியர் ஆபீஸ் வாசலில் பல் விழுந்துவிடுகிறது.

ஒரு யோசனை. பாலம் திறந்தால் அமைச்சர் முதல் கவுன்சிலர் வரை கல்வெட்டில் பெயர் வெட்டிக்கொள்கிறீர்கள் அல்லவா? பள்ளம் வெட்டும் அன்றும் அதைச் செய்யுங்கள். காண்ட்ராக்டர், மேற்பார்வை எஞ்சினியர், அனுமதிக் கையெழுத்துப் போட்ட அதிகாரி என எல்லாப் பெயர்களையும் இருட்டில் ஒளிரும் எழுத்தில் பள்ளத்தின் ஓரமாக நடுங்கள். யாராவது விழுந்து செத்தால் போலீஸ் குற்றவாளியைப் பிணவறையில் தேட வேண்டாம். பலகையைப் பார்த்து எஃப்.ஐ.ஆர். எழுதட்டும்.