திறக்காமலே மூடிய கடை

எங்கள் தொப்பம்பட்டியில் அந்தக் காலத்துப் பெட்டிக்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தூணில் தேங்காய்நார்க் கயிறு தொங்கும், நுனியில் நெருப்பு கனன்றுகொண்டே இருக்கும். அதுதான் விலாசம். அப்பாரு என்னிடம் காசு கொடுத்து, “ஒரு கட்டு பீடி, நாலணாவுக்குப் போயலை, மீதிக்கு முட்டாய் வாங்கிக்க சாமி” என்பார். பத்து வயதுப் பையனிடம் பீடி கொடுக்கக் கடைக்காரருக்குத் தயக்கமே இல்லை. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது என்ற சட்டம் 2003-இல்தான் வந்தது. அதற்குள் எனக்கு மீசை வந்துவிட்டது.

மீதிக் காசுக்கு நான் வாங்குவது பேண்டம் சிகரெட். வெள்ளை வெளேரென்று சர்க்கரைக் குச்சி, நுனியில் மட்டும் சிவப்பு. மார்கழிக் காலையில் அதை விரலிடுக்கில் பிடித்து ஊதினால் வாயிலிருந்து புகை தானாகவே வரும். அப்பாரு இருமிக்கொண்டே சிரிப்பார்.

புகையிலை எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் பாவக்கணக்கில் சேராது, பயிர்க்கணக்கு. வேடசந்தூர்ப் பக்கம் கிணறு உப்பாகிப் போனால் யாரும் தலையில் கை வைப்பதில்லை. உப்புத்தண்ணி பாய்ந்த இலைக்குத்தான் மெல்லும் புகையிலையில் மதிப்பு. அரசாங்கமே அங்கே புகையிலை ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது. திருச்சிச் சுருட்டு என்று கப்பலேறிச் சீமைக்குப் போனதும் திண்டுக்கல் இலைதான். பேர் மட்டும் திருச்சிக்கு. (இந்த வருத்தம் எங்களுக்குத் திண்டுக்கல் பூட்டை விடப் பழையது.)

கடை இப்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறது, கடைக்காரரின் பேரன் பார்த்துக்கொள்கிறான். கயிறு போய் லைட்டர் வந்துவிட்டது. யாரும் எடுத்துப் போய்விடக் கூடாதென்று அதையும் கயிற்றில்தான் கட்டியிருக்கிறான். சிகரெட் பெட்டியின் 85 சதவீதத்தை எச்சரிக்கைப் படம் மூட வேண்டும் என்று 2016-இல் விதி வந்த பிறகு, “இந்தப் படம் வேண்டாம், வேற படம் குடுப்பா” என்று மாற்றிக் கேட்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

லண்டனிலிருக்கும் சித்தி மகன் ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டு, “அண்ணா, இங்க எங்க திரும்பினாலும் வேப் கடைதான்” என்று ஒன்றைக் காட்டினான். நகைக்கடை மாதிரி விளக்கு. மாம்பழம், தர்பூசணி, ஸ்ட்ராபெரி என்று வரிசை. அன்று நான் ஊதியது சிகரெட் வேஷம் போட்ட மிட்டாய். இது மிட்டாய் வேஷம் போட்ட சிகரெட். ஒருமுறை இழுத்துத் தூக்கியெறியும் வகையை 2025 ஜூன் முதல் அங்கேயும் தடை செய்துவிட்டார்கள்.

நம்மூரில் அந்தக் கடை திறக்கவே இல்லை. தமிழக அரசு 2018-இலேயே வேப் என்கிற மின் சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசின் அவசரச் சட்டம் வந்தது. விற்றால் முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும். அதற்கு முந்தைய மாதம்தான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் பஞ்சாமிர்த வாசனையிலும் ஒன்று வந்திருக்கும், முருகன் காப்பாற்றினான். பீடிக்கும் சிகரெட்டுக்கும் புகையிலைக்கும் அந்தச் சட்டத்தில் ஒரு கெடுதலும் இல்லை. அவை மண்ணின் மைந்தர்கள்.

போன தீபாவளிக்குக் கோயமுத்தூர்க் கல்லூரியிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். மொட்டைமாடியில் மாம்பழ வாசம். ஐப்பசியில் ஏது மாம்பழம் என்று ஏறிப்போனால், கையில் நீலக் குச்சியொன்றை மறைத்தான்.

“பென் டிரைவ், மாமா.”

“பென் டிரைவ்ல புகை வருமாடா? எந்தக் கடையில வாங்குன?”

“கடை எதுக்கு மாமா? போன்ல சொன்னா கைக்கு வந்துரும்.”

அன்று சாயங்காலம் பெட்டிக்கடைக்குப் போய்ப் பேரனிடம் மெதுவாகக் கேட்டேன்: “ஏப்பா, மாம்பழ வாசத்துல ஊதுறது ஏதாச்சும் வருதா?”

அவன் பாட்டிலைத் திறந்து மாங்காய் முட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினான்.

“வாசம் இதுல இருக்குதுங்க. பத்த வைக்கோணும்னா லைட்டர் அந்தா தொங்குது.”