விதை மல்லாட்டை

இன்னாடா பேராண்டி, காலங்காத்தால மோட்டர் சைக்கிள எட்டி ஒதைக்கிற? உன் மேனேஜரு ராத்திரி 11 மணிக்குக் கூப்ட்டாருன்னா அதுக்கு வண்டி இன்னாடா பண்ணும்? கால் கட்டவெரலப் பாரு, கத்திரிக்கா மாதிரி வீங்கிக் கெடக்குது. வண்டிக்கு ஒரு கீறல் இல்ல.

பெங்களூர்ல ஒரு ரூமாமே, துட்டு கட்டி உள்ள போனா பாட்டிலு, டிவி எல்லாம் அடிச்சு ஒடைக்கலாமாம். நம்ம துரோபதையம்மன் கோயில்ல இது எத்தினி காலமா ஓசியிலயே நடக்குது! பாரதம் முடியுற 18-ஆம் நாளு, படுகளத்துல துரியோதனன மண்ணால மல்லாக்கப் படுக்க வச்சிருப்பாங்க, பனமரம் நீளத்துக்கு. பீமன் வேசக்காரன் தொடையில அடிச்சு, அம்மன் கூந்தல் முடிஞ்சதும், பொம்பளைங்க தொடப்பமும் மொறமுமா எறங்குவாங்க பாரு! உன் ஆயா சாத்துன சாத்துல மண்ணு பேந்துக்கினு வந்துச்சு. துரியோதனன் அவளுக்கு இன்னாடா கெடுதி பண்ணான்? அடிச்சது அவன, பாத்தது என்னை. அன்னிக்கு ராத்திரி கொழம்புல உப்பு கூட சரியா இருந்துச்சு.

அந்தத் திருவிழா சித்திரை, வைகாசிலதான். அதுவரைக்கும் உன் வண்டி தாங்காது. கெணத்தண்ட போய்க் கத்திட்டு வான்னு சொல்லலாம்னா, அது எதுத்துப் பேசும். அதுவும் உன் கொரல்லயே.

இப்டி வந்து குந்து. இந்த மூட்டையப் பிரி. மார்கழிப் பட்டத்துக்கு விதை மல்லாட்டை, அதான் உங்க வேர்க்கடலை. ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு வேணும். மிஷின்ல போட்டா அடிபட்ட பருப்பு மொளைக்காது, கையாலதான் ஒடைக்கணும். இந்தக் காயி மேனேஜருன்னு வச்சுக்கோ. மூக்கு இருக்குது பாரு, அங்க வெரல வச்சு அமுத்து. டப்! எப்டி கீது? அடுத்தது உன் கிளையண்ட்டு. டப்!

டேய், மெதுவாடா! பருப்பு ரெண்டா பொளந்துடுச்சு பாரு, வெதைக்கு ஆவாது. செவப்புத் தோலும் உரியக்கூடாது. அவன் மண்ட ஒடையணும், உள்ள கீறது நோவக்கூடாது. பொளந்தத வாயில போட்டுக்கோ. ஒண்ணே ஒண்ணுதான், வேணும்னே பொளக்காத.

இன்னாடா சிரிக்கிற? கோவம் எறங்கிடுச்சா? அதெப்படி, இன்னும் ஒண்ணர மூட்டை கீதேடா! அந்த மேனேஜருக்கு ஒரு போன் போடு, இன்னும் ரெண்டு வார்த்தை திட்டச் சொல்லு.