ஐசி எண்ணின் கணிதப் பண்புகள்: பேராக் மாநிலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: ஈப்போவிலும் சுற்றியுள்ள பழைய தோட்டங்களிலும் ஆளுக்கொரு பெரிய முழு எண் சட்டைப்பையில் கிடக்கிறது. பாரம் எழுதும்போது ஒப்பிப்பதோடு சரி. அதன் கணிதத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. அக்குறை இன்று தீர்கிறது.

வரலாறு: 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுடப்பட்டனர். அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயது நிரம்பியோர் படமும் கைரேகையும் பதித்த அடையாள அட்டை (ஐசி) வைத்திருக்க வேண்டுமென்ற சட்டமும் அதே ஆண்டு வந்தது. ஆக, ஐசிக்கும் பால்மரத்துக்கும் உறவு பழையது. இன்றைய பன்னிரண்டு இலக்க எண் 1990இல் வந்தது: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், மீதி நான்கு வரிசை எண்.

தேற்றம் 1: 1999 டிசம்பர் 31 அன்று பேராக்கில் பிறந்தவரின் எண் 99,123 கோடியைத் தாண்டும். மறுநாள் பிறந்தவருக்கு முன்னால் நிற்கும் பூச்சியங்கள் உதிர்ந்துவிட, மிஞ்சுவது 10 கோடிச் சொச்சம். ஒரே இரவில் 99,113 கோடி நட்டம். 1930களின் மந்தத்தில் ரப்பர் விலைகூட இப்படி விழவில்லை.

தேற்றம் 2: கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. எனவே எந்தத் தம்பதியின் எண்களைக் கூட்டினாலும் ஒற்றைப்படையே வரும். இரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். குடும்பச் சண்டைகள் தீராமல் இழுபடுவது அந்த ஒன்றால்தான்.

கிளைத்தேற்றம்: மலேசியப் பெண் எவருக்கும் பகா எண் வாய்க்காது. சென்ற நூற்றாண்டில் பிறந்த ஆண்களிலோ ஏறத்தாழப் பதின்மூன்று பேருக்கு ஒருவர் பகா எண்; தன்னையும் ஒன்றையும் தவிர எதற்கும் மசியாதவர். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் வகுத்துப் பார்க்கவே வேண்டாம், தெரிந்துவிடும்.

தேற்றம் 3: பேராக்கில் பிறந்தவருக்குப் பெரும்பாலும் 08. தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்கட்டும், பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நடட்டும், லயத்தை இடித்துத் தாமான் கட்டட்டும், ஆள் கிள்ளானுக்கே குடிபோகட்டும். அந்த 08 அசையாது. ஈப்போ ஈயமுதலாளியின் பேரனுக்கும் அதே 08தான்.

விடுபடாத சிக்கல்: சுதந்திரத்துக்கு முன் ஒரே நாளில் ஒரே லயத்தில் பிறந்த இருவரை எடுத்துக்கொள்வோம். முதல் எட்டு இலக்கமும் ஒன்றே. ஒருவர் குடியுரிமைக்கு மனுப்போட்டார். நீல ஐசி, ஓட்டும் உண்டு. மற்றவர் மனுப்போடாமல் விட்டார். சிவப்பு ஐசி, ஆயுள் முழுதும் பால்வெட்டியும் நிரந்தரவாசி மட்டுமே. கூட்டியும் கழித்தும் வகுத்தும் வர்க்கமூலம் எடுத்தும் பார்த்தாயிற்று. இந்த வேறுபாடு எண்ணில் எங்குமே தட்டுப்படவில்லை. நிறம் கணிதத்தின் பாடத்தில் இல்லாததால் இவ்வாய்வு இத்துடன் ஒதுங்கிக்கொள்கிறது. மேல்விவரம் வேண்டுவோர் பதிவிலாகாவுக்குப் போய், வாசலில் தரும் இன்னொரு எண்ணை வாங்கிக்கொண்டு உட்காரவும்.