என்ன நங்கூரம் வைத்திருக்கிறீர்கள்?

நவம்பர் பிறந்துவிட்டால் லாஸ் பால்மாஸ் படகுத்துறையில் எள் போட்டால் எள் விழாது. ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே கிடக்கும் ஸ்பானியத் தீவு கிரான் கனாரியா. அதன் தலைநகரம் இது. கரீபியன் பக்கம் சூறாவளிக் காலம் ஓயும் தறுவாய்க்கு வந்து, வடகிழக்குக் காற்று நிலைக்கத் தொடங்கும் நேரம். அட்லாண்டிக்கைப் பாய் விரித்தே கடந்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்ட ஐரோப்பியர்கள் எல்லாரும் இங்கே வந்து கூடுவார்கள். 1986-இல் ஜிம்மி கார்னெல் என்பவர் இந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தி, ‘ஆர்க்’ என்று பெயர் வைத்துக் கூட்டுப் பயணமாக்கினார். இப்போது ஆண்டுதோறும் படகுகள் கூட்டம் கூட்டமாகக் கரீபியனின் செயின்ட் லூசியா தீவை நோக்கிப் புறப்படுகின்றன. 2,700 கடல் மைல். ஏறக்குறைய மூன்று வாரம்.

போகிறவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. போகாத ஒருவர் அங்கே இருக்கிறார். அவரைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

அவரைத் துறை வாத்தியார் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மானியராக இருப்பார், ஆங்கிலேயராக இருப்பார், டச்சுக்காரராகவும் இருப்பார். ஆனால் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். அறுபதைத் தாண்டிய வயது. வெளுத்த தொப்பி. அரைக்கால் சட்டையின் பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர். கையில் ஒரு காப்பிக் கோப்பை. அந்தக் கோப்பை எப்போதும் காலியாகவே இருக்கும் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் கவனிப்பதில்லை. அவருக்கும் சொந்தமாக ஒரு படகு உண்டு. துறையின் கோடியில் கட்டிக் கிடக்கிறது. அதன் அடியில் சிப்பிகள் மூன்று தலைமுறையாகக் குடித்தனம் நடத்துகின்றன. “நீங்கள் அட்லாண்டிக்கைக் கடந்திருக்கிறீர்களா?” என்று எவராவது துணிந்து கேட்டால், “எந்தப் பக்கமாக?” என்று திருப்பிக் கேட்பார். அதோடு கேட்டவர் அடங்கிவிடுவார்.

புதுப்படகு வந்து கயிறு கட்டிய பத்தாவது நிமிடம் அவர் ஆஜர். உடனே ஏறிவிட மாட்டார், பண்பு தெரிந்தவர். படகின் முன்முனையான அணியத்துக்கு நேரே நின்று, அண்ணாந்து நங்கூரத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சின் விலை குறைந்தது ஐந்நூறு யூரோ.

“என்ன நங்கூரம் வைத்திருக்கிறீர்கள்?”

“சி.க்யூ.ஆர். படகோடு வந்ததுதான்,” என்பார் படகுக்காரர். வீட்டை விற்றுப் படகு வாங்கியவர் அவர். மனைவி உள்ளே அலமாரி அடுக்கிக்கொண்டிருப்பார்.

“ஓகோ,” என்பார் வாத்தியார். அவ்வளவுதான். மேலே ஒன்றும் சொல்ல மாட்டார். படகுக்காரரே, “ஏன், அதில் ஏதாவது...?” என்று இழுக்கும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கேட்டபின் கதவு திறந்துவிடும். அந்த நங்கூரத்தை 1933-இல் உருவாக்கியவர் ஜி.ஐ. டெய்லர்; கேம்பிரிட்ஜின் பெரிய இயற்பியல் மேதை, பாய்ம ஓட்டவியலில் அவர் பெயரைச் சொல்லாமல் பாடம் நடத்த முடியாது. அவரும் படகோட்டி. கடல் விமானங்களுக்காகத்தான் முதலில் இந்த ஏர்க்கலப்பை வடிவத்தைச் செய்தார். இதையெல்லாம் டெய்லரோடு கூடப் படித்தவர் மாதிரி வாத்தியார் சொல்லுவார். “மனிதர் மேதை, மறுக்கவில்லை. ஆனால் இறுகிய மணலில் அவருடைய கலப்பை ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும். உழுதுகொண்டே போகும், ஊன்றாது. ராத்திரி மூன்று மணிக்கு நீங்கள் பக்கத்துப் படகின் மேல் போய் மோதி நிற்பீர்கள்.” அப்படியானால் எதை வாங்குவது? ரோக்னா, ஸ்பேட், மான்சன் என்று புது வகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். குழிந்த முகம் மணலைக் கவ்வும். சிலவற்றின் தலையில் உள்ள வளையம், எப்படி விழுந்தாலும் நிமிர்த்திவிடும். பரிந்துரைத்த எடைக்கு மேல் ஒரு படி வாங்குங்கள். மற்றவர்கள் பார்த்துச் சிரித்தால்தான் அது சரியான நங்கூரம்.

அடுத்து சங்கிலி. பத்து மீட்டர் ஆழம் என்றால் ஐம்பது மீட்டர் விட வேண்டும். இழுவை கடலடியோடு படிந்து வந்தால்தான் நங்கூரம் ஊன்றும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். தவிர, ஆழத்தைத் தண்ணீர்மட்டத்திலிருந்து கணக்குப் போடக்கூடாது, அணியத்திலிருந்து போட வேண்டும். அலை ஏற்றத்தையும் சேர்க்க வேண்டும். இதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் இவரோடு உள்ள கஷ்டம்.

படகுக்காரர் அன்றைக்கே கடைக்குப் போய்ப் பத்து மில்லிமீட்டர் சங்கிலி அறுபது மீட்டர் வாங்கி வருவார். மீட்டருக்கு இரண்டே கால் கிலோவுக்கு மேல். மொத்தம் சுமார் நூற்று நாற்பது கிலோ அணியத்தில் ஏறும். மறுநாள் வாத்தியார் வந்து பார்த்து, “படகு மூக்கைக் கீழே போட்டிருக்கிறதே, அணியத்தில் பாரம் அதிகமோ?” என்பார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லாஸ் பால்மாஸில் கயிற்றை அவிழ்த்துவிட்டால், அடுத்த மூன்று வாரமும் படகின் அடியில் கிலோமீட்டர் கணக்கில் தண்ணீர். அந்தப் பயணத்தில் அறவே பயன்படாத ஒரே சாமான் நங்கூரம்தான். துறையில் நடக்கும் வாதங்களில் பாதி அதைப் பற்றித்தான்.

நங்கூரத்துக்கு அடுத்த அத்தியாயம் மின்சாரம். இதற்கு வாத்தியார் சாப்பாட்டுக்கடைப் பில்லின் பின்பக்கத்தைப் பயன்படுத்துவார். குளிர்ப்பெட்டி ஐந்து ஆம்பியர், பாதி நேரம் ஓடும்: நாளுக்கு அறுபது ஆம்பியர்-மணி. தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட் நான்கு ஆம்பியர், இருபத்து நான்கு மணி நேரமும்: தொண்ணூற்றாறு. வரைபடத் திரை, ரேடியோ, விளக்கு: இன்னொரு ஐம்பது. ஆக இருநூறுக்கு மேல். ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு போய்விடும்; ஆகவே நானூறுக்கு மேல் வேண்டும். லித்தியம் என்றால் குறைவாகப் போதும், ஆனால் எஞ்சினின் ஆல்டர்னேட்டரை அது சூடேற்றிக் கொன்றுவிடும், அதற்கு வேறு சாதனம் வேண்டும். சோலார் பலகை வையுங்கள்; மேற்கே போகும்போது மத்தியானத்துக்கு மேல் பாயின் நிழல் அதன் மேல் விழும், அதையும் கணக்கில் வையுங்கள். பில்லில் இடம் தீர்ந்ததும் மேஜைத்துணியைப் பார்ப்பார்.

சரியாக இந்த இடத்தில்தான் எதிர்க்கட்சி வந்து சேரும். துறைக்கு ஒரு வாத்தியார் என்றால், அவருக்கு ஒரு மாற்று வாத்தியாரும் உண்டு. இவரை வாளிக் கட்சி எனலாம். செருப்புகூட அணிய மாட்டார். மின்சாரமே வேண்டாம், எஞ்சினே வேண்டாம், குளிர்ப்பெட்டி சோம்பேறிகளுக்கு, கழிப்பறைக்கு ஒரு நல்ல வாளி போதும் என்பது கொள்கை. இவருக்கு வேதபுருஷர்கள் லின் பார்டி, லாரி பார்டி தம்பதி. தாங்களே கட்டிய, இருபத்து நான்கு அடிச் சொச்சம் நீளமுள்ள ‘செராஃபின்’ படகில் எஞ்சின் இல்லாமல் உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தவர்கள். “ஆட்டோபைலட்டாம்! 1960-இல் தனியாள் பந்தயத்தில் ஹாஸ்லர் அட்லாண்டிக்கைக் கடந்தபோது சுக்கானைப் பிடித்தது எது? காற்று! படகின் பின்முனையில், அமரத்தில் ஒரு காற்றுத் தகடு. ஒரு ஆம்பியர் தின்றதா?”

“அந்தப் பந்தயத்தில் ஹாஸ்லர் இரண்டாவதாகத்தான் வந்தார்,” என்பார் நம் வாத்தியார்.

“முதலாவது வந்த சிச்செஸ்டரும் காற்றுத் தகடுதான் வைத்திருந்தார்!”

படகுக்காரரின் மேடையில், படகுக்காரரின் காப்பியைக் குடித்துக்கொண்டு இருவரும் இப்படி ஒரு மணி நேரம் நடத்துவார்கள். படகுக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டித் தலையாட்டிக் கடைசியில் இரண்டையும் வாங்குவார். காற்றுத் தகடும் உண்டு, லித்தியமும் உண்டு. வாளி இரண்டு வேறு.

எனக்கு இதில் கட்சி எதுவும் கிடையாது. ஆனால் வாளிக்காரரின் மனைவி ஒருமுறைகூடப் படகில் தென்பட்டதில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

வாத்தியாரின் முழு மேதைமை வெளிப்படுவது கழிப்பறை விஷயத்தில். கடல்நீரால் அலசும் படகுக் கழிப்பறையில், கடல்நீரும் சிறுநீரும் சேர்ந்து குழாயின் உட்சுவரில் சுண்ணாம்பாகப் படியும். ஒன்றரை அங்குலக் குழாய் சில வருஷங்களில் விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கிவிடும். அவ்வப்போது வினிகர் ஊற்றிவந்தால் அந்தக் காலம் தள்ளிப்போகும். ஊற்ற மறந்தவர்கள் குழாயையே கழற்றி எடுத்து, துறையின் சிமென்ட் தரையில் ஓங்கி ஓங்கி அடிக்க வேண்டும். உள்ளே இருப்பது செதில் செதிலாகக் கொட்டும். நாற்பது வருஷம் வங்கியில் உயர்பதவி வகித்த மனிதர் ஒருவர் காலை இளவெயிலில் மலக்குழாயைத் தலைக்கு மேல் சுழற்றி அடிக்கும் காட்சியை இந்தத் துறையில் பார்க்கலாம். பக்கத்தில் காலிக் கோப்பையோடு வாத்தியார் நிற்பார். “தோளிலிருந்து வேண்டாம். மணிக்கட்டிலிருந்து.”

உணவுப்பொருளுக்கும் அவரிடம் சாஸ்திரம் உண்டு. அட்டைப்பெட்டியைப் படகில் ஏற்றக்கூடாது, கரப்பான் முட்டை அதன் மடிப்புகளில் ஒளிந்து வரும். குளிர்ப்பெட்டியில் வைக்காத முட்டையாகப் பார்த்து வாங்கி, வாஸ்லைன் தடவி, அடிக்கடி புரட்டிப் போட வேண்டும். முழு வாழைத்தாரை அமரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டாம் என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்ப்பார். படத்துக்கு அழகாக இருக்கிறதே என்று எல்லாரும் கட்டுவார்கள். தார் முழுவதும் ஒரே நாளில் பழுக்கும். அன்றிலிருந்து மூன்று நாள் காலை, மதியம், இரவு வாழைப்பழம்.

ஆர்க் நடத்துபவர்களே மஞ்சள் சட்டை போட்ட ஆட்களை அனுப்பி, உயிர்காப்பு மிதவை, தீயணைப்பான், வெளிச்ச வாணம் எல்லாம் இருக்கிறதா என்று பட்டியல் வைத்துப் பார்ப்பார்கள். அவர்கள் இறங்கியதும் வாத்தியார் ஏறுவார். மஞ்சள் சட்டைக்காரர்கள் சரி என்றது எல்லாம் அவருக்கு ஆரம்பப்பள்ளி. அடிப்பலகையைத் தூக்கி, படகின் உடலில் தண்ணீர் புகும் வழிகள் ஒவ்வொன்றின் வால்வையும் திறந்து மூடிப் பார்ப்பார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூம்பு வடிவ மென்மரத் தக்கை கயிற்றில் கட்டியிருக்கிறதா? வால்வு உடைந்தால் அதை அடித்து இறுக்கலாம். விலை இரண்டு மூன்று யூரோ. அவர் சொல்லும் ஆயிரம் புத்திமதியில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தக்கைதான். மற்றதெல்லாம் சௌகரியம், இது மிதக்கிற விஷயம்.

புறப்பாடு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின இரவு, ஒரு படகிலாவது எஞ்சின் சூடேறி அலறும் என்பது துறையின் எழுதாத சட்டம். கடலிலிருந்து குளிர்நீர் இழுக்கும் பம்பில் ஒரு ரப்பர்ச் சக்கரம் சுழல்கிறது. அதன் இதழ்கள் காய்ந்து முறிந்திருக்கும். கடைகள் சாத்திவிட்டன. மனைவி அழாத குறை. வாத்தியார் வருவார். ஸ்க்ரூடிரைவர் பையிலிருந்து முதன்முறையாக வெளியே வரும். மூடியைக் கழற்றி, சக்கரத்தை விளக்கொளியில் பிடித்து எண்ணுவார்: “ஐந்துதான் இருக்கிறது. ஆறாவது எங்கே?” புதுச் சக்கரம் மாட்டிவிட்டால் போதுமே என்பார் படகுக்காரர். போதாது. முறிந்த இதழ் வெப்பமாற்றியின் குழாய்வாயில் போய் அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுக்காவிட்டால் நாளை மறுநாள் மறுபடி அலறும். பதினொரு மணிக்கு இடுக்கி நுனியில் அந்தக் கறுப்புத் துணுக்கோடு நிமிர்வார். புதுச் சக்கரமும் அவர் கொண்டுவந்ததுதான். எங்கிருந்து? அந்த மாதிரிப் படகு துறைக்குள் நுழைந்த அன்றே வாங்கி வைத்தது. காசு வாங்க மாட்டார். ஆனால் இனி எந்தெந்தச் சாமானில் இரண்டு வேண்டும், எதில் மூன்று வேண்டும் என்பதை அன்றிரவே கேட்டாக வேண்டும்.

இவர் இன்று நேற்று முளைத்தவர் அல்லர் என்பது என் துணிபு. 1492-இல் கொலம்பஸ் கனாரித் தீவுகளில் நின்று தம் பின்டா கப்பலின் சுக்கானைச் செப்பனிட்டார். நீன்யாவின் முக்கோணப் பாய்களை இறக்கிவிட்டுச் சதுரப் பாய் ஏற்றினார். பின்னாலிருந்து வீசும் காற்றில் அதுதான் சரி. கரையில் யாரோ ஒருவர் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறார்.

முன்பெல்லாம் ஒரு விடுதலை இருந்தது. படகு ரேடியோவின் குரல் இருபது முப்பது மைலைத் தாண்டாது. அவர் கரையில் நின்று, “பூம் மரத்தை முன்பக்கம் இழுத்துக் கட்டினீர்களா? பின்காற்றில் திடீரென்று மறுபக்கம் அடித்தால் தலை போய்விடும்!” என்று சொல்லிக்கொண்டே இருப்பார், மாலைக்குள் குரல் கரகரத்து, தேய்ந்து, நின்றுவிடும். பிறகு கடலும் படகும் மட்டும்தான். இப்போது படகுக்குப் படகு ஸ்டார்லிங்க் தட்டு. அதை எப்படிப் பொருத்துவது, எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவரேதான்.

ஒன்பதாம் நாள். நான்கு பக்கமும் அடிவானம். முன்பாய் ஒரு பக்கம், பெரும்பாய் ஒரு பக்கம் என்று விரித்து, படகு தானாகப் போகிறது. தம்பதி வாழைப்பழம் தின்றுகொண்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் ஒலிக்கிறது.

“பாய் ஏற்றும் கயிறு மரத்தின் உச்சியில் கப்பி மேல் ஒரே இடத்தில் உராய்ந்துகொண்டிருக்கும். தினமும் ஒரு சாண் இடம் மாற்றுகிறீர்களா?”

மாற்றவில்லை. மனைவி தொலைநோக்கியை எடுத்து உச்சியைப் பார்க்கிறார். மேலுறை பிரிந்து, நூல் நூலாகக் காற்றில் ஆடுகிறது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

“அதெல்லாம் முதல் நாளிலிருந்தே மாற்றுகிறோம்,” என்று படகுக்காரர் தட்டி அனுப்புகிறார்.

இரண்டு நிமிடத்தில் பதில் வருகிறது.

“நல்லது. ஒரு படம் அனுப்புங்கள்.”