முதல்ல என் பல்செட்டைக் குடுங்க

ஏலே, இங்க வா. அந்த செல்லைப் பையில போட்டுட்டு இப்படித் திண்ணையில உக்காரு. உங்கப்பனுக்கு வார திங்கக்கிழமை மதுரையில முட்டு மாத்துதாகளாமே? நல்லது. நாப்பது வருசமா முட்டு வலின்னு சொல்லியே என் வயலுக்கு ஒரு நாள் தண்ணி பாய்ச்ச வராத பய. இனி அந்தச் சாக்கு செல்லாது.

ரூம்பு போட்டுட்ட. ஏசி இருக்கு, டிவி இருக்கு, உன் பொஞ்சாதிக்குக் கட்டில் கூட இருக்கு. எல்லாம் சரி. அவன் கண்ணாடி எங்க இருக்கு? காது மிஷினுக்கு பேட்டரி வாங்கிட்டியா? பாரு, முழிக்கான். பெங்களூர்ல கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கவனுக்கு அப்பன் காது எங்க இருக்குன்னு தெரியலை.

என் கதை உனக்குத் தெரியும்லா? மூணு வருசத்துக்கு முன்னால தொழுவத்துல வழுக்கி, இடுப்பு எலும்பு போச்சு. ஆபரேசன் அருமையா முடிஞ்சதுன்னு டாக்டரு சொல்லிட்டுப் போயிட்டாரு. மறுநாள் ராத்திரி ஐசியுல கண்ணைத் தொறந்தா, கட்டிலைச் சுத்தி ஒரே வெள்ளாடு. அதுல ஒண்ணு என் கையில சொருவியிருந்த டியூப்பைக் கடிக்குது. சும்மா இருப்பனா? "ஏட்டி, அந்தக் கிடாயைப் புடி"ன்னு நர்சம்மாவை ஒரு சத்தம் போட்டேன். நான் கையைக் காட்டினது டூட்டி டாக்டரையாம். தாடி வச்சிருந்தாரு, நான் என்ன செய்ய?

உங்க பெரியம்மா துண்ணூறு பூசினா. பார்க்க வந்த சொந்தக்காரன் ஒருத்தன், "மூளை கலங்கிட்டு, பத்திரத்துல ஏதும் கையெழுத்து பாக்கியிருக்கா?"ன்னு எம்மவன் காதுல கேட்டானாம். யாருன்னு கேக்காத. அவன் பல்லு வெளக்குத வேப்பமரம் உங்க வீட்டுக் கொல்லையிலதான் நிக்கி.

நாலு நாள்ல தெளிஞ்சுட்டேன். பெறவு நர்சுக்குப் படிச்ச எம்பேத்திதான் வெளக்கினா. அதுக்குப் பேரு டெலிரியமாம். வயசானவுகளுக்கு ஆபரேசன் ஆனா வாரது சகஜமாம். அதுபோக, புத்தி கொஞ்சம் மந்தமாகுறது வேற ஒரு கணக்கு. 1998-லேயே பல தேசத்து டாக்டருக சேர்ந்து, ஆபரேசன் முடிஞ்ச அறுவது தாண்டின 1,218 பேரைச் சோதிச்சு எழுதியிருக்காகளாம். ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா நூத்துக்கு இருவத்தஞ்சு பேருக்கு மேல புத்தியில தடுமாத்தம். மூணு மாசம் கழிச்சுப் பாத்தா பத்துப் பேருக்குத்தான். அதனால உடனே பத்திரத்தைத் தூக்கிட்டு வந்துராதீக.

ஆனா என்னை என்ன பண்ணினாகன்னு நெனச்சுப் பாரு. கண்ணாடியைக் கழட்டியாச்சு. காது மிஷினைக் கழட்டியாச்சு. பல்செட்டு எம்மவன் சட்டைப் பையில. ராத்திரி பூராம் வெளக்கு எரியுது, மிஷின் பீப் பீப்னு கத்துது. சன்னல் கெடையாது, பகலா ராவான்னு தெரியலை. இம்புட்டையும் செஞ்சுட்டு ஒருத்தர் குனிஞ்சு கேக்காரு: "தாத்தா, இன்னைக்கு என்ன கிழமை?" அவரு மூஞ்சியே தெரியலை, கேட்டதும் காதுல விழலை, பதில் சொல்ல வாயில பல்லும் இல்லை. "பெரியவருக்கு ஒண்ணும் வெளங்கலை"ன்னு எழுதிக்கிட்டாரு!

தைவான்ல தைபே ஊரு ஆஸ்பத்திரியில வயித்து ஆபரேசன் செஞ்ச, அறுவத்தஞ்சு தாண்டின 377 பேர்ல பாதிப் பேருக்கு ஒரு நர்சம்மா தெனம் வந்து மூணு காரியம் செஞ்சாகளாம். எந்த ஊரு, என்ன நாளுன்னு பேச்சுக் குடுக்கது. பல்லு வெளக்கிவிட்டு, பாத்து வாயில ஆகாரம் குடுக்கது. சீக்கிரமே எழுப்பி நடக்க வைக்கது. மத்தவுகள்ல நூத்துக்குப் பதினஞ்சு பேரு ஆடு மேய்ச்சிருக்காக, இவுகள்ல ஏழு பேரு கூட இல்லை. 2017-ல எழுதியிருக்காகன்னு பேத்தி படிச்சுக் காட்டினா. பல்லு வெளக்குததுக்கெல்லாம் ஒரு ஆராய்ச்சியான்னு சிரிச்சேன். சிரிச்சப்போ பல்செட்டு கழண்டு விழுந்துட்டு.

முதுகுல ஊசியா, முழு மயக்கமான்னு நீ நெட்டுல தேடிக்கிட்டே கெடக்கியாம், உன் பொஞ்சாதி சொன்னா. இடுப்பு முறிஞ்ச 1,600 பேரை வச்சு அமெரிக்கா, கனடாவுல பாத்து 2021-ல சொல்லிட்டாகடா, கலக்கம் வாரதுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதை மயக்க டாக்டரு பாத்துக்கிடுவாரு. நீ பாக்க வேண்டியது உங்கப்பன் தலையணைக்கு அடியில.

ஆமா, தலையணைக்கு அடியிலதான். தூக்க மாத்திரை ஒரு அட்டை இருக்கும். அரிப்புக்கும் சளிக்கும் மருந்துக்கடையில தானே வாங்கிப் போடுத மாத்திரை வேற. அதுல பழைய வகை சிலது வயசானவுக மூளையை மந்தமாக்கும். எல்லாத்தையும் ஒரு பையில அள்ளி மயக்க டாக்டர்ட்ட காட்டு. நீயா பெரிய வைத்தியன் மாதிரி எதையும் நிறுத்திராத, திடீர்னு நிறுத்தினாலும் வம்புதான்.

இன்னொண்ணு. கிட்ட வா. சாயங்காலம் உங்கப்பன் மோட்டார் ரூமுக்கு எதுக்குப் போறான்? மோட்டார் போடக் கெணத்துல தண்ணி இருந்தாத்தானே! வைக்கப்படப்புக்குப் பின்னால குவாட்டர் பாட்டில் எண்ணிப்பாரு. டாக்டரு கேக்கப்போ மருமக பக்கத்துல நின்னா, "சேச்சே, மோரு கூடப் புளிக்காமத்தான் குடிப்பேன்"பான். நீ தனியாப் போயி உள்ளதைச் சொல்லிரு. தெனம் குடிக்கவன் பட்டுன்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல கை நடுங்கும், இல்லாததெல்லாம் தெரியும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத.

முந்தின நாள் ராத்திரியில இருந்து பச்சத்தண்ணி கூடக் குடுக்காமக் காயப் போட்டுராத. பச்சத்தண்ணி ரெண்டு மணி நேரம் முன்னால வரைக்கும் பெரும்பாலும் குடிக்கலாமாம், கேட்டுக்கிட்டுக் குடு. மூத்திர டியூப்பை எப்ப எடுப்பீகன்னு தெனம் கேளு. வலியைப் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிட்டாத்தான் ஆம்பளைன்னு அவன் வீறாப்புப் பேசினா, நம்பாத. வலியும் தூக்கமில்லாமையும் சேர்ந்தா ஆடு உள்ள வரும்.

சத்தம் போட்டா எல்லாரும் ஓடி வந்துருவாக. சாதுவா, கூப்பிட்டா "ம்"னுட்டுக் கண்ணை மூடிக் கெடக்கவனை "பாவம், நல்லாத் தூங்குதாரு"ன்னு விட்டுருவாக. அதுவும் டெலிரியமா இருக்கலாம். உங்கப்பன் பேசாமக் கெடந்து நீ பாத்திருக்கியா? அவன் அரை நாள் வாயைத் தொறக்கலைன்னா ஓடிப்போயி நர்சம்மாவைக் கூப்பிடு.

கூட இருக்க நானே வாரேன். செய்தித்தாளு, காலண்டரு, என் பழைய கடியாரம், எல்லாம் எடுத்து வச்சாச்சு. ராத்திரி ராத்திரியாத் தெரியட்டும்னு வெளக்கை அணைக்கச் சொல்லிச் சண்டை போடவும் ஒரு ஆளு வேணும்லா?

புத்தி தெளிஞ்சுதான்னு டாக்டரு கிழமை கேப்பாரு. நான் வேற கேப்பேன். 1987-ல ஏர்மாடு வாங்க என்கிட்ட வாங்கின ரெண்டாயிரம் எங்கலேன்னு. "எந்த ரெண்டாயிரம்?"னு அவன் முழிச்சா நீ பதறிராத. அது ஆபரேசனுக்கு முன்னாலயும் அப்படித்தான்.